ஆண் மீன், பன்னிரண்டு

— மாட்டேன்னா மாட்டேன்தான் அத்தான். அந்தப் பேனாவை உங்க பையிலயே சொருகிக்குங்க.

— இங்க பாரு கண்ணு, எட்டு வருஷமா போடுற கையெழுத்து. இன்னைக்கு மட்டும் என்ன நாள் நட்சத்திரம் பாக்குறே? நாலு மணிக்கு நம்ம ஆபீஸ் பெரியவர் வண்டியை எடுத்துருவாரு. ஃபேக்டரிக்காரன் ஆத்துல ரெண்டாவது கழிவுக் குழாய் இறக்கலாமா வேணாமான்னு நாளைக்கு விசாரணை. இந்த அறிக்கையைத்தான் மேசையில வைக்கப் போறாங்க. உன் கையெழுத்து இல்லாட்டி அது பொட்டலம் கட்டத்தான் ஆகும்.

— அது தெரிஞ்சுதான் மாட்டேங்கிறேன்.

— உங்க அக்காகிட்ட சொல்லிடுவேன், பாத்துக்க.

— சொல்லுங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டியது நிறையவே இருக்கு. முதல்ல இப்படி வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காந்து மைக்ரோஸ்கோப்புக்குள்ள பாருங்க.

— எனக்கு இதுல என்ன தெரியும்? நான் மீன் கொண்டாந்து கொடுக்கிறவன். நீ அறுத்துப் பாக்குறவ. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தா ஊரு நல்லா இருக்கும்.

— பாருங்க அத்தான்.

— சரி, பாத்தாச்சு. ரோஸ் கலர்ல என்னமோ நெளிஞ்சு நெளிஞ்சு கிடக்கு. நடுவுல ஊதா கலர்ல உருண்டை உருண்டையா. நல்லாத்தான் இருக்கு, ஜன்னலுக்குத் திரை தைக்கலாம் போல.

— அந்த ரோஸ் கலர், ஆண் மீனோட பால் பை. இனப்பெருக்கக் காலத்துல வயித்தை அமுக்கினா வெள்ளையா பால் மாதிரி வருமே, அது ஊறுற இடம். அந்த ஊதா உருண்டை என்னன்னு தெரியுமா?

— என்ன?

— முட்டை.

— ஆண் மீனுக்குள்ளயா? யாருகிட்ட கதை விடுறே?

— கதை இல்ல. ஃபேக்டரிக் குழாய்ல வர்ற தண்ணியில ஒரு மருந்து இருக்கு. அது மீன் உடம்புக்குள்ள போய் பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் போடுது. உடம்புக்கு வேஷம் எது, நிஜம் எதுன்னு தெரியாது. நம்பிடுது. பால் ஊற வேண்டிய இடத்துல முட்டை வளக்குது. அந்த மீன் அப்புறம் ஆணாவும் உருப்படாது, பெண்ணாவும் உருப்படாது.

— நீ அறுக்கிறப்போ பக்கத்துல பெண் மீன் துண்டு ஏதாவது கலந்திருக்கும். மெழுகுல பதிக்கிற வேலை, கை மறதியா ஒண்ணு மாறிப் போறது சகஜம்தானே?

— என் கையில மாறாது. மெழுகுக் கட்டியில நம்பர் போடாம நான் தண்ணி கூடக் குடிக்கிறதில்ல. உங்களுக்கே தெரியும்.

— தெரியும் தெரியும். பொறந்த குழந்தைக்கும் நம்பர் ஒட்டுற ஆளாச்சே நீ.

— சிரிக்காதீங்க. இது நீங்க கொண்டாந்த மீனும் இல்ல.

— என்னது?

— போன மாசம் புது வெட்டு மெஷின் வந்துச்சுல்ல? புது பிளேடுக்குக் கை பழகணும். பழகுறப்போ நாலஞ்சு துண்டு கிழியும், சுருங்கும். உங்க வாளி மீன்ல கை வெச்சு வீணாக்க மனசு வரல. வருஷத்துக்கு ஆண் மீன் பன்னிரண்டுதான் வருது. அதனால எதிர்க்கரைக்குப் போனேன். அது வேற மாவட்டம், அங்கதான் இன்னும் படகு ஓடுதே. ஐஸ் பெட்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒன்பது ஆண் மீன் கேட்டு வாங்கிட்டு வந்தேன். குப்பையில போடுறதுக்குன்னு வாங்கின மீன் அத்தான். பழகத்தானே, என்ன இருக்குன்னு பாக்கவே வேண்டாம். சாயம் ஏறியிருக்கான்னு சும்மா எட்டிப் பாத்தேன்.

— பாத்தா?

— ஒன்பதுல அஞ்சுக்கு முட்டை.

— எதிர்க்கரை மீன் வேற, நம்ம மீன் வேற.

— ஆறு ஒண்ணுதானே? மீனுக்கு எந்தக் கரைன்னு சீட்டு ஒட்டியா விட்டிருக்கு? நானும் முதல்ல உங்களை மாதிரிதான் நினைச்சேன். அப்புறம் மூணு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை போனேன். குழாய்க்குக் கீழ, தண்ணி ஓடுற பக்கமா வலை போடுற படகாப் பாத்து, வலையில வந்ததை வந்தபடி வாங்கினேன். மொத்தம் நாப்பது ஆண் மீன். இருபத்தி ரெண்டுல முட்டை. ரெண்டு மீன்ல மைக்ரோஸ்கோப்பே வேண்டாம், கண்ணாலயே தெரிஞ்சது.

— ம்.

— இப்போ உங்க வாளிக்கு வருவோம். இந்த வருஷத்தோட எட்டு வருஷம். வருஷத்துக்குப் பன்னிரண்டு. தொண்ணூத்தாறு ஆண் மீன். அதே ஆறு, அதே குழாய்க்குக் கீழ. ஒண்ணே ஒண்ணுல கூட ஒரு முட்டை இல்ல. எப்படி?

— நல்ல மீனா மாட்டியிருக்கு. நம்ம கை ராசி.

— கை ராசியா? உங்க வாளியைத் தொறந்தா பன்னிரண்டும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கும். பருவம் வந்த ஆண் மீனுக்கே உள்ள தலைச் சொரசொரப்பு, கன்னம் கறுத்து, தொட்டாலே பால் வடியும். எல்லாம் ஒரே அளவு. நான்தான் முட்டாள். அத்தான் எவ்வளவு பொறுப்பா கொண்டாறாருன்னு ஆபீஸ் பூரா பெருமை பேசினேன்.

— அதுல என்ன தப்பு?

— இந்தப் படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. உங்க கையெழுத்துக்கு மேல.

— கண்ணாடி கொண்டு வரல.

— நான் படிக்கிறேன். ‘வலையில் விழுந்தபடியே, பொறுக்காமல் எடுக்கப்பட்ட ஆண் மீன், பன்னிரண்டு.’ பொறுக்காமல்! அதுக்குக் கீழ நீங்க. உங்களுக்குக் கீழ நான். ‘பரிசோதித்ததில் மாற்றம் எதுவும் இல்லை.’ இதுவரைக்கும் ஏழு தடவை. நீங்க பொறுக்கிப் போட்டீங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்தினேன்.

— குரலைக் குறை. வராந்தாவுல ஆள் நடமாட்டம் இருக்கு.

— இருக்கட்டும். ஃபேக்டரிக்காரன் உங்களை எதைக் காட்டி வளைச்சான்? அதை மட்டும் சொல்லுங்க.

— எவனும் என்னை வளைக்கல. ஃபேக்டரி வாசல்ல நான் நின்னது கூட இல்ல.

— அப்போ யாருக்காக? இந்த அறிக்கையால என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் முன்னாடி, அஞ்சாவது அறிக்கையை வெச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க? ‘மீன்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. குஞ்சு குறைஞ்சதுக்குக் காரணம் சின்னக் கண்ணி வலை.’ நம்ம கரையில இருபத்தி ரெண்டு படகை நிறுத்தினாங்க. கூட்டத்துல அப்பாவை எழுப்பி நிக்க வெச்சு, ‘ஆத்தை வழிச்சுத் தின்னது நீங்கதான்’னு அதிகாரி கை நீட்டிச் சொன்னான். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. நீங்களும் அங்கதான் இருந்தீங்க.

— இருந்தேன்.

— உங்க மாமனாரு. தன் பெண்ணைக் கொடுத்த மனுஷன். அவர் வயித்துல அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர் தோளைத் தட்டி ‘விடுங்க மாமா, காலம் மாறும்’னு சொன்னீங்களே. அதை நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

— நீ என்னை எவ்வளவு வேணாத் திட்டு. திட்டி முடிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. போதும்.

— அவ்வளவு லேசா முடிச்சிருவேனா? பதில் சொல்லுங்க. மீனை எங்க பிடிச்சீங்க? குழாய்க்கு மேலயா?

— கீழதான்.

— வலையை நீங்களேதானே போட்டீங்க?

— ஆமா.

— என்ன வலை?

— வலைதான். மீன் பிடிக்கிற வலை.

— அத்தான், நான் மீன்காரர் பொண்ணு. எத்தனை விரல் கண்ணி? எந்தப் பக்கம் கல் கட்டினீங்க? நீரோட்டத்துக்கு எதிரயா, குறுக்கயா?

— இங்க பாரு...

— சொல்லுங்க.

— எனக்குத் தெரியாது.

— எட்டு வருஷமா மீன் பிடிக்கிறவருக்கு வலைக் கண்ணி தெரியாதா?

— நான் பிடிக்கல. போதுமா? எட்டு வருஷத்துல ஒரு தடவை கூட நான் படகுல கால் வைக்கல. எனக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல கிணத்துல விழுந்து பொழைச்சவன். இங்க டிரைவராத்தான் சேந்தேன். பழைய மீன் சேகரிப்பாளர் ஓய்வு வாங்கினப்போ, ‘நீ மீன்காரர் மாப்பிள்ளைதானே, நீயே பாத்துக்க’ன்னு பெரியவர் சொல்லிட்டாரு. நாலு பேரு முன்னாடி, எனக்குத் தண்ணி பயம்னு எந்த ஆம்பளை சொல்லுவான்?

— ஒவ்வொரு தடவையும் முட்டி வரைக்கும் நனைஞ்சுதானே வருவீங்க?

— தோட்டத்துக் குழாயடியில நனைச்சுக்குவேன்.

— அடக் கடவுளே.

— சிரிக்கணும்னா சிரிச்சுக்க.

— சிரிப்பு வரல. யாரு பிடிச்சுக் கொடுத்தது?

— அது வேணாம்.

— ஃபேக்டரி ஆளா?

— இல்லங்கிறேன்ல.

— அப்போ யாரு?

— எல்லாத் தப்பும் என்னுதுன்னு எழுதிக்க. நான் பொறுக்கினேன், நான் ஏமாத்தினேன். வேலை போனா போகட்டும், திரும்ப வண்டி ஓட்டிப் பொழைச்சுக்கிறேன். பேரு மட்டும் கேக்காதே.

— உங்களுக்கு இவ்வளவு விசுவாசமா ஒருத்தர்கிட்ட? வீட்டு ஆளுக்கு இல்லாத விசுவாசம்? சரி. என்கிட்ட சொல்ல வேணாம். வராந்தா பெஞ்சுல ஒருத்தர் ரெண்டு மணியில இருந்து உக்காந்திருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க.

— யாரு?

— அப்பா. நான்தான் வரச் சொன்னேன். மூணு வருஷமா தலை குனிஞ்சு நடக்கிற மனுஷன், தப்பு தன்னோடது இல்லன்னு உங்க வாயால கேக்கட்டும்.

— ஐயோ, வேணாம். சொல்றதைக் கேளு. அவரைக் கூப்பிடாதே. உன் கையைப் பிடிச்சுக் கேக்கிறேன்.

— அப்பா! உள்ள வாங்கப்பா.

— வர்றேன்மா. எல்லாம் கண்ணாடிச் சாமானா இருக்கு, எங்க கால் வைக்கிறதுன்னே தெரியல. மாப்பிள்ளையும் இங்கதான் இருக்கீங்களா? முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— ஒண்ணுமில்ல மாமா. உக்காருங்க.

— அவர் நிக்கட்டும், நீங்க உக்காருங்கப்பா. ஒரு விஷயம் சொல்றேன், நிதானமாக் கேளுங்க. ஆத்துல குஞ்சு குறைஞ்சது உங்க வலையால இல்ல. ஃபேக்டரித் தண்ணியால. ஆண் மீனுக்குள்ள முட்டை வளருது. அந்த மீனை என் மேசைக்கு வரவே விடாம, நல்ல மீனாப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்திருக்காங்க. எட்டு வருஷமா. கொடுத்தது யாருன்னு உங்க மாப்பிள்ளை சொல்ல மாட்டேங்கிறாரு. ஆனா அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டாரு.

— ம்.

— என்னப்பா, ‘ம்’ங்கிறீங்க? கோபம் வரலையா? ஏதாவது கேளுங்க. ஒரு அறை விடுங்க. நான் தடுக்க மாட்டேன்.

— அவரைத் திட்டாதே சின்னவளே.

— ஏன் திட்டக் கூடாது?

— மாமா, பேசாம இருங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க.

— இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க சுமந்தது போதும். அந்தப் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தது நான்தான்மா.

— என்ன சொல்றீங்க?

— நான்தான். மாப்பிள்ளைக்குத் தண்ணி ஆகாது. யாருக்கும் தெரியாம பிடிச்சுக் கொடுங்க மாமான்னு வந்து நின்னாரு. பெண்ணோட புருஷன், எப்படி மாட்டேங்கிறது? கொடுத்தேன்.

— பிடிச்சுக் கொடுத்தது சரி. பொறுக்கினது யாரு?

— அதுவும் நான்தான். முதல் வருஷம் வலையில வந்ததை வந்தபடிதான் போட உக்காந்தேன். உன் ஆய்வுக்குப் போற மீன்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். ஒண்ணு தலையெல்லாம் சொரசொரன்னு நல்ல ஆண் மீன், அமுக்கினா பால் வரல. இன்னொண்ணுல வெறும் தண்ணி. கரையிலயே கீறிப் பாத்தேன். வெள்ளைப் பைக்குள்ள கடுகு தெளிச்ச மாதிரி சினை. நாப்பது வருஷம் வலை போட்டிருக்கேன், அப்படி ஒண்ணு பாத்ததே இல்ல.

— அதைத்தான்பா நீங்க என்கிட்ட கொண்டு வந்து காட்டியிருக்கணும்! அதுக்குத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்!

— காட்டினா நீ எழுதுவே. நீ எழுதினா இந்த ஆத்து மீனைத் தின்னாதீங்கன்னு போர்டு வைப்பாங்க. எதிர்க்கரைக்காரனுக்கு ஐஸ் பெட்டி இருக்கு, முழு மீனா வெளியூருக்கு ஏத்திருவான். நமக்கு இந்தச் சந்தை ஒண்ணுதான். இருபத்தி ரெண்டு படகு, அத்தனை குடும்பம். வலைக்காரன் புத்தி எனக்கு. வந்த மீனை வித்தாகணும், அவ்வளவுதான் தெரியும். நல்லதைப் பொறுக்கி வாளியில போட்டேன்.

— அத்தான், நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?

— முதல் ரெண்டு வருஷம் எனக்குத் தெரியாது. மூணாவது வருஷம் சீக்கிரமே போயிட்டேன். மாமா அமுக்கி அமுக்கி வேற கூடையில போட்டுட்டு இருந்தாரு. கேட்டேன். சொன்னாரு. அதுக்கப்புறம் என்னால என்ன பண்ண முடியும்? உன்கிட்ட சொன்னா அவர் மாட்டுவாரு, என் தண்ணி பயமும் வெளிய வரும்.

— ஆக, ரெண்டு பேரும் சேந்து. என் மேசையில அந்த வாளியை வெச்சுட்டு ரெண்டு பேரும் வீட்டுல ஒண்ணும் தெரியாத மாதிரி. அப்புறம் அந்தக் கூட்டத்துல உங்களை எழுப்பி நிக்க வெச்சாங்களே, அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமே? ‘இல்லய்யா, மீன்லதான் கோளாறு’ன்னு ஒரு வார்த்தை?

— தொறக்கத்தான் போனேன். மீன் நல்லா இருக்குன்னு சொன்னா பழி நம்ம வலை மேல திரும்பும்னு நான் கனவா கண்டேன்? என் கையே என் கண்ணைக் குத்திருச்சு. எந்திரிச்சு நின்னப்போ அதிகாரி அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டினான். அதுல உன் கையெழுத்து இருந்துச்சு. நான் பேசினா நீ பொய்க்காரி ஆயிருவே. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

— எனக்காகன்னு சொல்லாதீங்க. தயவு செஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க.

— சரிம்மா.

— படகு போனதுக்கு அப்புறமும் பொறுக்கினீங்களா?

— வருஷத்துக்கு ஒரு நாள் மாப்பிள்ளை ஆய்வுக்கூடப் படகுச் சாவியைக் கொடுப்பாரு. விடியறப்போ போயிட்டு வந்துருவேன். திடீர்னு கெட்ட மீனைப் போட்டா, முன்னாடி நீ எழுதினது எல்லாம் என்ன ஆகும்? அதனால அதே மாதிரியே...

— இந்த வருஷமும்?

— இந்த வருஷமும்.

— சரி. அத்தான், அந்த டிராயர்ல வெள்ளைத் தாள் இருக்கு, எடுங்க. உங்க பேனாவையும் கொடுங்க.

— என்ன பண்ணப் போறே?

— வாக்குமூலம் எழுதப் போறேன். முட்டை இருந்த இருபத்தி ரெண்டு மீனையும் எழுதுவேன். பொறுக்கின எட்டு வருஷத்தையும் எழுதுவேன். விசாரிக்காம கையெழுத்துப் போட்டது நான்தான்னும் எழுதுவேன். நாலு மணி வண்டியில அதுதான் போகும்.

— அவசரப்படாதே. மாமாவைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க. உன் வேலையும் போயிரும். ஒரு நாள் பொறு, உங்க அக்காகிட்ட பேசிட்டு...

— எழுதட்டும் மாப்பிள்ளை. கேளும்மா. கேக்கிறதுக்கு எல்லாம் பதில் சொல்றேன்.

— தொழில்?

— மீன் பிடிக்கிறது. இப்போ ஒண்ணும் இல்ல.

— எதை வெச்சுப் பொறுக்கினீங்க?

— அமுக்கினா கெட்டிப் பால் வந்துச்சுன்னா வாளிக்கு. வரலைன்னா, தண்ணியா வந்துச்சுன்னா, கூடைக்கு.

— ஒரு தடவைக்கு எத்தனை கூடைக்குப் போகும்?

— ஆரம்பத்துல நாலு, அஞ்சு. இப்போ வாளிக்குப் பன்னிரண்டு தேத்துறதுக்குள்ள கூடையில முப்பது விழுந்துரும்.

— ஆய்வுக்கு எடுக்கிற அன்னைக்கு மட்டும்தான் இப்படிப் பிரிச்சீங்களா?

— முதல் வருஷம் அப்படித்தான். அப்புறம் மனசு கேக்கல. படகை நிறுத்துற வரைக்கும் தினமும் பிரிச்சேன். சந்தையில வாங்குறவங்க கண்ணு முன்னாடிதானே அறுத்துக் கொடுக்கிறாங்க? ஒருத்தர் பாத்தாலும் ஊரெல்லாம் பரவிரும். அதனால கூடை மீனை நான் ஒரு நாளும் விக்கல. அந்த விஷயத்துல யாருக்கும் நான் துரோகம் பண்ணல.

— சரி. விக்கல. அந்த மீன் படிவத்துல ஒரு கேள்வி இருக்கு, ‘ஒதுக்கப்பட்ட மீன் என்ன செய்யப்பட்டது?’ ஆத்துலயே விட்டுட்டீங்களா?

— செத்த மீனை எங்க விடுறது?

— புதைச்சீங்களா?

— அவ்வளவு மீனை யாராவது புதைப்பாங்களா சின்னவளே? பாவம் இல்லையா?

— பின்ன என்னதான்பா பண்ணீங்க?

— நம்ம வீட்டுக்குத்தான்மா கொண்டு வந்தேன். வீட்டுல உங்கம்மா ஒருத்திதானே அறுப்பா, வெளிய சொல்ல மாட்டா. சினைத் துண்டு உனக்குன்னா உசுராச்சேன்னு, முதல்ல உன் தட்டுல வைக்கச் சொல்லுவேன்.